சான்றிதழ் கோப்பு லேப்டாப்பில் திறக்கிறது, சர்வரில் திறக்கவில்லை: ஏன்?

பின்னலாடை_ஐடி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணினி வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். இதற்கு ஆள் நான் ஒருவன்தான். பையர்கள் ஆர்டர் நிலவரம் பார்க்கும் எங்கள் தளத்தின் எச்டிடிபிஎஸ் பாதுகாப்புச் சான்றிதழ் அடுத்த வாரம் காலாவதியாகிறது. புதியதை வாங்கிவிட்டோம், மெயிலில் வந்துவிட்டது. எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன பழைய கோப்புகளும் புதியவையும் இப்போது ஒரே போல்டரில் கிடக்கின்றன:

சர்வர்.கீ
சர்வர்.சிஆர்டி
சர்வர்.சிஇஆர்
பண்டில்.சிஆர்டி
கம்பெனி.பி7பி
ஸ்டார்.பிஎஃப்எக்ஸ்
எம்டி.சிஇஆர்

இதில் சர்வர்.சிஇஆர், கம்பெனி.பி7பி இரண்டும் மெயிலில் வந்தவை. மற்றவை பழையவை.

சர்வரில் இருப்பது உபுண்டு 20.04. என் லேப்டாப்பில் 22.04. சான்றிதழ், சாவிக் கோப்புகளைத் திறந்து பார்க்கும் ஓபன்எஸ்எஸ்எல் இரண்டிலும் இருக்கிறது. சர்வர்.சிஇஆர் கோப்பை லேப்டாப்பில் கொடுத்தால் அழகாகத் திறக்கிறது. தேதி, டொமைன் பெயர் எல்லாம் தெரிகிறது. அதே கோப்பை, அதே கட்டளையோடு சர்வரில் கொடுத்தால் 'நோ ஸ்டார்ட் லைன், எக்ஸ்பெக்டிங்: ட்ரஸ்டட் சர்டிஃபிகேட்' என்று நின்றுவிடுகிறது. நம்பகமில்லாத சான்றிதழை விற்றுவிட்டார்களோ என்று பயமாக இருக்கிறது.

ஸ்டார்.பிஎஃப்எக்ஸ் விஷயத்தில் நேர் எதிர். சர்வரில் பாஸ்வேர்டு கொடுத்ததும் திறக்கிறது. லேப்டாப்பில் அதே பாஸ்வேர்டுக்கு 'அன்சப்போர்டட்', 'ஆர்சி2-40-சிபிசி' என்று ஏதேதோ சொல்கிறது. பிரதி எடுக்கும்போது கெட்டுப்போயிருக்குமோ என்று எண்ணி இரண்டு பக்கமும் எஸ்எச்ஏ256, அதாவது கோப்பின் கைரேகை போன்ற எண், எடுத்துப் பார்த்தேன், ஒரே எண்தான் வருகிறது.

எது எதற்கான கோப்பு, புதுச் சான்றிதழ் என்னிடம் இருக்கும் சாவியோடு பொருந்துமா என்பதை மாற்றுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். மாற்றிவிட்டுப் பார்க்கலாம் என்றால் அந்த நேரத்தில் பையர் யாராவது உள்ளே இருப்பார்கள். உதவுங்கள்.

மதுரை_மாடம் பதில்:

ஆன்லைனில் சர்டிஃபிகேட் டீகோடர் என்று தேடினால் நிறையத் தளங்கள் வரும். கோப்பை ஏற்றினால் போதும், எல்லா விவரமும் அட்டவணையாகக் கிடைக்கும். பிஎஃப்எக்ஸையும் பிரித்துக் கொடுக்கும் தளங்கள் இருக்கின்றன. கமாண்ட் எதுவும் தேவையில்லை.

கருந்திரை பதில்:

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். ஸ்டார்.பிஎஃப்எக்ஸையும் சர்வர்.கீயையும் எந்தத் தளத்திலும் ஏற்றாதீர்கள். நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், சான்றிதழுக்கு அது பொருந்தவும் செய்யும். சான்றிதழ் ஊருக்கே காட்டுவதற்கானது. உங்கள் தளத்துக்கு வரும் ஒவ்வொரு பிரவுசருக்கும் சர்வர் அதை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பிஎஃப்எக்ஸ் அப்படியில்லை. சான்றிதழோடு ரகசியச் சாவியும் அதற்குள் இருக்கிறது. அதையும் பாஸ்வேர்டையும் முன்பின் தெரியாத ஒரு தளத்தில் கொடுத்துவிட்டால், அந்தச் சான்றிதழை ரத்து செய்துவிட்டு புதுச் சாவி உருவாக்கி மறுபடி வாங்க வேண்டியதுதான். வேறு பரிகாரம் கிடையாது. டெர்மினலில் பார்க்கச் சொல்வது கெட்டிக்காரத்தனம் காட்டுவதற்காக இல்லை, சாவி உங்கள் மெஷினை விட்டு நகராது என்பதற்காக.

கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

இப்போது உங்கள் புதிர். கோப்பில் ஒரு பழுதும் இல்லை. இரண்டு மெஷினிலும் ஓபன்எஸ்எஸ்எல் வேறு வேறு பதிப்பு. உபுண்டு 20.04இல் 1.1.1, 22.04இல் 3.0. இந்த 3.0 வந்தது 2021 செப்டம்பரில். பல பழக்கங்களை அதில் மாற்றிவிட்டார்கள், அதில் இரண்டு உங்கள் காலில் இடறுகின்றன.

எக்ஸ்509 என்பது இந்தச் சான்றிதழ்களின் தரம், அதன் உள்ளடக்கம் ஒன்றுதான். அதைக் கோப்பாக எழுதுவதில்தான் இரண்டு முறை. டிஇஆர் என்பது பைனரி சரக்கு. பிஇஎம் என்பது அதே சரக்கை மெயிலில் போகிறமாதிரி பேஸ்64 முறையில் எழுத்துகளாக மாற்றிக் கட்டிய பார்சல். பிஇஎம் என்ற பெயரில் கடைசி எம் மெயிலைத்தான் குறிக்கிறது. 1993இல் வந்த ஒரு மெயில் பாதுகாப்புத் தரத்திலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். மெயில் திட்டம் புழக்கத்துக்கு வரவில்லை, கட்டும் முறை மட்டும் நிலைத்துவிட்டது. ஐந்து கோடு, 'பிகின் சர்டிஃபிகேட்', மறுபடி ஐந்து கோடு என்று ஆரம்பிக்கிறதே, அதுதான் பார்சலின் முகப்பு.

1.1.1 பதிப்பு, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், வந்தது பிஇஎம்தான் என்று எடுத்துக்கொண்டு அந்த முகப்பு வரியைத் தேடும். உங்கள் சர்வர்.சிஇஆர் டிஇஆர் வகை, முகப்பு வரியே இருக்காது. அதனால்தான் 'நோ ஸ்டார்ட் லைன்'. அதில் வரும் 'ட்ரஸ்டட்' என்ற சொல்லைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஓபன்எஸ்எஸ்எல் தனக்கென வைத்திருக்கும் ஒரு முகப்பு வகையின் பெயர் அது, விற்றவரின் நம்பகத்தன்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 3.0 பதிப்பு இரண்டு வகையையும் தானே முயன்று பார்த்துக்கொள்ளும், அதனால் லேப்டாப்பில் சத்தமில்லாமல் திறந்தது. சர்வரில் வகையைச் சொல்லிவிட்டால் போதும்:

ஓபன்எஸ்எஸ்எல் எக்ஸ்509 -இன்ஃபார்ம் டிஇஆர் -இன் சர்வர்.சிஇஆர் -நோஅவுட் -டெக்ஸ்ட்

எந்தக் கோப்பு எந்த வகை என்பதற்குப் பெயரின் வாலை நம்ப வேண்டாம். சிஇஆர், சிஆர்டி இரண்டிலும் இரண்டு வகையும் வரும். விண்டோஸில் சான்றிதழை ஏற்றுமதி செய்யும்போது அதுவே 'டிஇஆரா, பேஸ்64ஆ' என்று கேட்கும், எதைச் சொன்னாலும் சிஇஆர் என்றுதான் பெயர் வைக்கும். பைட்டுகளை எண்களாகக் காட்டும் எக்ஸ்எக்ஸ்டி கட்டளையில் கோப்பின் முதல் வரியைப் பாருங்கள். 3082 என்று தொடங்கினால் டிஇஆர். 30 என்றால் 'உள்ளே பல உறுப்புகள் கொண்ட தொகுப்பு ஒன்று ஆரம்பிக்கிறது', 82 என்றால் 'அதன் நீளம் அடுத்த இரண்டு பைட்டில் இருக்கிறது'. இந்த இரண்டு பைட்டையும் பேஸ்64 ஆக்கினால் வருவதுதான் 'எம்ஐஐ' என்ற எழுத்துகள். இனி எந்த பிஇஎம் சான்றிதழைத் திறந்தாலும் முகப்புக்கு அடுத்த வரியைப் பாருங்கள், எம்ஐஐ என்றுதான் தொடங்கும். எனக்கு இது தெரிந்த நாளிலிருந்து ஒரு பிஇஎம் கோப்பையும் வெறும் கிறுக்கலாகப் பார்க்க முடிந்ததில்லை. ஆனால் இதை வைத்துச் சான்றிதழ் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். ஆர்எஸ்ஏ சாவியும் பிஎஃப்எக்ஸும் உள்ளே அதே 3082தான்.

அடுத்து பிஎஃப்எக்ஸ். 1.1.1 காலத்தில் பிஎஃப்எக்ஸ் உருவாக்கினால், உள்ளே இருக்கும் சான்றிதழ்களை 40 பிட் ஆர்சி2 முறையில்தான் பூட்டும். ரொம்பப் பழைய, பலவீனமான பூட்டு. 3.0இல் அதைப் பொதுப் புழக்கத்திலிருந்து எடுத்துத் தனியாக 'லெகசி' பகுதியில் வைத்துவிட்டார்கள். உங்கள் பாஸ்வேர்டு சரியானதுதான். தவறாக இருந்தால் 'மேக் வெரிஃபை எரர்: இன்வேலிட் பாஸ்வேர்டு?' என்று வந்திருக்கும். அந்தச் சோதனையைத் தாண்டிய பிறகுதான் ஆர்சி2 பேச்சே வரும். லேப்டாப்பில் இப்படிக் கொடுங்கள்:

ஓபன்எஸ்எஸ்எல் பிகேசிஎஸ்12 -லெகசி -இன் ஸ்டார்.பிஎஃப்எக்ஸ் -நோகீஸ்

'நோகீஸ்' மறக்க வேண்டாம். பழைய குறிப்புகளில் 'நோடெஸ்' என்று போடச் சொல்லியிருப்பார்கள். அது ரகசியச் சாவியைப் பூட்டில்லாமல் திரையில் கொட்டிவிடும். டெர்மினலை மேலே உருட்டினால் அப்படியே இருக்கும், யாராவது உங்கள் நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் போதும்.

பண்டில்.சிஆர்டி விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே கோப்பில் பல சான்றிதழ்கள் அடுக்கியிருந்தாலும் எக்ஸ்509 கட்டளை முதலாவதை மட்டும்தான் காட்டும். மற்றவை இருப்பதாகக்கூடச் சொல்லாது. எல்லாவற்றையும் பார்க்க:

ஓபன்எஸ்எஸ்எல் ஸ்டோர்யூடில் -நோஅவுட் -டெக்ஸ்ட் -சர்ட்ஸ் பண்டில்.சிஆர்டி

பி7பிக்குத் தனிக் கட்டளை. அதில் சான்றிதழ்கள் மட்டும்தான், சாவி இருக்காது:

ஓபன்எஸ்எஸ்எல் பிகேசிஎஸ்7 -இன் கம்பெனி.பி7பி -பிரிண்ட்_சர்ட்ஸ் -நோஅவுட்

இதற்கும் 'நோ ஸ்டார்ட் லைன்' வந்தால் என்ன சேர்க்க வேண்டும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

இனி முக்கியமான கேள்வி, சாவி பொருந்துமா? சான்றிதழுக்குள் பொதுச் சாவி இருக்கிறது. ரகசியச் சாவியிலிருந்தும் அதே பொதுச் சாவியைக் கணக்கிட்டு எடுக்கலாம். இரண்டையும் எடுத்து எஸ்எச்ஏ256 போட்டுப் பாருங்கள்:

ஓபன்எஸ்எஸ்எல் எக்ஸ்509 -இன்ஃபார்ம் டிஇஆர் -இன் சர்வர்.சிஇஆர் -நோஅவுட் -பப்கீ | ஓபன்எஸ்எஸ்எல் எஸ்எச்ஏ256
ஓபன்எஸ்எஸ்எல் பிகீ -இன் சர்வர்.கீ -பப்அவுட் | ஓபன்எஸ்எஸ்எல் எஸ்எச்ஏ256

இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் ஜோடி சரி. மாடுலஸ் எடுத்து எம்டி5 போடச் சொல்லும் பழைய வழி ஆர்எஸ்ஏ சாவிக்கு மட்டும்தான் ஆகும், இது இசி என்ற இன்னொரு வகைச் சாவிக்கும் ஆகும்.

தேதியைப் பார்க்கும்போது ஒன்று கவனியுங்கள். '-டேட்ஸ்' கொடுத்தால் வருவது ஜிஎம்டி நேரம். நாட்ஆஃப்டர், அதாவது முடியும் நேரம், 23:59:59 என்று இருந்தால் நமக்கு மறுநாள் காலை 5:29:59. பகல் 12 மணி என்று போட்டிருந்தால் நமக்கு மாலை 5:30, உங்கள் ஆபீஸ் கிளம்பும் நேரம். 'எந்தத் தேதி' என்று மட்டும் குறித்துவைப்பதால் வரும் வம்பு நிறையப் பார்த்திருக்கிறேன்.

டொமைன் பெயரை சப்ஜெக்டில், அதாவது யாருக்குக் கொடுத்தது என்று சொல்லும் வரியில், இருக்கும் சிஎன் என்ற பெயர்ப் பகுதியில் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். குரோம் 2017இலேயே அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டது. '-எக்ஸ்ட் சப்ஜெக்ட்ஆல்ட்நேம்' கொடுத்து அந்தப் பட்டியலில் உங்கள் தளத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டார் சான்றிதழ் என்றால் புள்ளிக்கு முன் ஒரு படி மட்டும்தான் அடங்கும். வெறும் டொமைன் பெயர் தனியாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். எம்டி.சிஇஆர் என்ன என்று எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது, அதன் இஷ்யூயர் வரியை, அதாவது வழங்கியவர் யார் என்பதை, மட்டும் சொல்லுங்கள்.

அலைவரிசை பதில்:

கருந்திரை அக்கா சொன்னதோடு விண்டோஸ் பக்கத்திலிருந்து ஒன்று. பிஇஎம் கோப்பே 'நோ ஸ்டார்ட் லைன்' சொல்வதும் உண்டு. விண்டோஸ் பவர்ஷெல் 5.1இல் '>' போட்டுக் கோப்பு உருவாக்கினால் யூடிஎஃப்-16 ஆகச் சேமித்துவிடும். நோட்பேடில் பார்த்தால் முகப்பு வரி கண்ணுக்கு அப்படியே தெரியும், ஓபன்எஸ்எஸ்எல்லுக்குத் தெரியாது. எக்ஸ்எக்ஸ்டியில் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து 00 இடையில் வந்திருக்கும்.

விண்டோஸிலேயே பார்க்க 'சர்ட்யூடில் -டம்ப்' போதும். ஜாவா வைத்திருப்பவர்களுக்கு 'கீடூல் -பிரிண்ட்சர்ட் -ஃபைல்' இருக்கிறது, பிஇஎம், டிஇஆர் இரண்டையும் கேட்காமலே படிக்கும்.

பின்னலாடை_ஐடி பதில்:

அக்கா, ரொம்ப நன்றி. ஒவ்வொன்றாகச் செய்தேன். சர்வர்.கீயும் சர்வர்.சிஇஆரும் ஜோடி, எஸ்எச்ஏ256 ஒன்றாக வருகிறது. ஆல்ட்நேம் பட்டியலில் தளத்தின் பெயர் இருக்கிறது. ஸ்டார்.பிஎஃப்எக்ஸ் '-லெகசி' போட்டதும் லேப்டாப்பிலும் திறந்தது, அது முந்தைய வருடத்து ஸ்டார் சான்றிதழ், காலாவதி ஆகிவிட்டது.

எம்டி.சிஇஆரில் சப்ஜெக்டில் எங்கள் எம்டியின் பெயர், மாநிலம், அஞ்சல் குறியீடு எல்லாம் வருகிறது. இஷ்யூயரில் இந்தியாவிலேயே உள்ள ஒரு சான்றளிப்பு நிறுவனத்தின் பெயர். இது எதற்கு?

இன்னொரு சிக்கல். பி7பியிலிருந்து எல்லாச் சான்றிதழ்களையும் புதியது.பிஇஎம் என்ற ஒரே கோப்பாக எடுத்து, எங்கள் தளத்தை ஓட்டும் வெப் சர்வர் மென்பொருளான இஞ்சின்எக்ஸில் கொடுத்தேன். இன்னும் ரீலோட் செய்யவில்லை, அமைப்பைச் சோதிக்கும் 'இஞ்சின்எக்ஸ் -டி' மட்டும் போட்டுப் பார்த்தேன். 'கீ வேல்யூஸ் மிஸ்மேட்ச்' என்கிறது. எஸ்எச்ஏ256 பொருந்துகிறதே, எப்படி மிஸ்மேட்ச் ஆகும்?

கருந்திரை பதில்:

ரீலோடுக்கு முன்னால் '-டி' போட்டீர்கள் பாருங்கள், அது போதும், பாதி பயம் போயிற்று.

மிஸ்மேட்ச் வரிசையால் வருவது. கோப்பில் முதலில் இருக்கும் சான்றிதழைத்தான் உங்கள் தளத்தினுடையது என்று இஞ்சின்எக்ஸ் எடுத்துக்கொண்டு சாவியோடு ஒப்பிடும். பி7பிக்குள் சான்றிதழ்கள் ஒரு கூட்டமாக இருக்கும், அதற்கு வரிசை என்ற கட்டாயம் கிடையாது. பெரும்பாலும் வழங்கிய நிறுவனத்தின் மூலச் சான்றிதழான ரூட், அல்லது அதற்கும் உங்களுடையதற்கும் நடுவில் இருக்கும் இடைநிலைச் சான்றிதழ் மேலே வந்திருக்கும். அதற்கும் உங்கள் சாவிக்கும் என்ன உறவு? அதனால் மிஸ்மேட்ச்.

'பிரிண்ட்_சர்ட்ஸ்' ஒவ்வொன்றுக்கும் மேலே சப்ஜெக்ட், இஷ்யூயர் என்று இரண்டு வரி எழுதியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டே அடுக்கலாம். சப்ஜெக்டில் உங்கள் டொமைன் உள்ளது முதலில். அதன் இஷ்யூயர் வரி எதன் சப்ஜெக்டாக இருக்கிறதோ அது அடுத்து. சப்ஜெக்டும் இஷ்யூயரும் ஒன்றே என்று வருவது ரூட். அதைச் சேர்க்க வேண்டியதில்லை, பிரவுசரிடம் ஏற்கெனவே இருக்கும். ஆனால் இடைநிலையை மறந்தும் விட்டுவிடாதீர்கள். உங்கள் பிரவுசரில் நன்றாகத் தெரியும், பையரின் மென்பொருள் பிரவுசர் இல்லாமல் நேரடியாக ஏபிஐ வழியாக வந்தால் அங்கே உடையும்.

ரீலோட் செய்த பிறகு கோப்பைப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். சர்வர் என்ன கொடுக்கிறது என்பதை வெளியிலிருந்து, உங்கள் லேப்டாப்பிலிருந்து கேளுங்கள்:

ஓபன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையண்ட் -கனெக்ட் தளம்:443 -சர்வர்நேம் தளம் -ஷோசர்ட்ஸ்

கடைசியில் 'வெரிஃபை ரிட்டர்ன் கோட்: 0 (ஓகே)' வர வேண்டும். 20 அல்லது 21 வந்தால் இடைநிலை விட்டுப்போயிருக்கிறது.

எம்டி.சிஇஆர் நான் நினைத்ததுதான். டெண்டர், கம்பெனி விவகாரத் தாக்கல் போன்றவற்றுக்கு யூஎஸ்பி டோக்கனில் வாங்கும் டிஎஸ்சியின், அதாவது டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழின், பொதுப் பகுதி. அதன் சங்கிலி, சான்றளிப்பு நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு அதிகாரியான சிசிஏவின் ரூட்டில் போய் முடியும்; தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் கீழ் வந்த ஏற்பாடு. ரகசியச் சாவி டோக்கனை விட்டு வெளியே வராது, அதனால் இந்தக் கோப்பு எவரிடம் போனாலும் யாரும் கையெழுத்துப் போட முடியாது. ஆனாலும் ஒருவருடைய பெயரும் விவரமும் இருப்பதால் இணைய சர்வரில் கிடக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள். எடுப்பதற்கு முன் '-என்ட்டேட்' பார்த்து எம்டியிடம் சொல்லிவிடுங்கள். டிஎஸ்சி முடிந்தது தெரிவது பெரும்பாலும் தாக்கல் செய்யும் கடைசி நாளில்தான்.

இந்த வேலையை இனி அடிக்கடி செய்வீர்கள். தளச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 398 நாளாக இருந்தது. 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47 என்று குறைத்துக்கொண்டே போகிறார்கள். அதனால் இந்த ஒரு வரியை தினமும் ஓடுகிறமாதிரி, கட்டளைகளை நேரத்துக்குத் தானாக ஓட்டும் கிரானில் போட்டுவையுங்கள்:

ஓபன்எஸ்எஸ்எல் எக்ஸ்509 -இன் புதியது.பிஇஎம் -நோஅவுட் -செக்எண்ட் 2592000

அந்த எண் 30 நாளின் விநாடிகள். அதற்குள் முடியப்போகிறது என்றால் கட்டளை 1 என்று திரும்பும், அப்போது மெயில் அனுப்பச் சொல்லுங்கள்.

பின்னலாடை_ஐடி பதில்:

வரிசை மாற்றியதும் '-டி' ஓகே சொல்லிவிட்டது. ரூட்தான் மேலே இருந்தது, எடுத்துவிட்டேன். மதிய உணவு நேரத்தில் ரீலோட் செய்தேன், வெளியிலிருந்து கேட்டால் ரிட்டர்ன் கோட் 0, புதுத் தேதி வருகிறது. எம்டியின் டிஎஸ்சிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, ஆடிட்டரிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன். கிரானில் போடும்போது சந்தேகம் வந்தால் இங்கேயே கேட்கிறேன் அக்கா.

கருந்திரை பதில்:

கேளுங்கள் தம்பி. அதற்குள் சர்வர்.கீயின் அனுமதி 600 ஆக இருக்கிறதா, உரிமையாளர் லினக்ஸின் ரூட் பயனரா என்று ஒருமுறை பாருங்கள். ஸ்டார்.பிஎஃப்எக்ஸ் காலாவதியானது என்று அலட்சியமாக விட வேண்டாம். அதே சாவியை வைத்தே வருடாவருடம் புதுப்பிக்கிறவர்கள் உண்டு. அதன் பொதுச் சாவியையும் எடுத்து சர்வர்.கீயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றாக வந்தால் அடுத்த முறை புதுச் சாவியோடு விண்ணப்பியுங்கள், அந்தப் பழைய கோப்பின் பாதுகாப்பை நம்பி இந்தச் சாவியை வைத்திருக்க முடியாது.